கொம்பு முன்னால், கால் பின்னால்

‘கோலா கங்சார்’ என்று கணினியில் தட்டிப் பாருங்கள். நமக்குப் பழகிய இந்த ஊர்ப் பெயர், ஒரு கிராஃபிக் டிசைனருக்குச் சின்னப் பரீட்சை. ‘கோ’வில் கொம்பு ‘க’வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். ‘ங்’, ‘ர்’ இரண்டின் தலையிலும் புள்ளி சரியாக உட்கார வேண்டும். இல்லஸ்ட்ரேட்டர் போன்ற மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுக்காவிட்டால், கொம்பு இடம் மாறிவிடும். செய்தவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிழையும் தெரியாது. அவர் கண்ணுக்கு எல்லாம் கோலம்தான்! திருவிழா பேனரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் எழுத்து உடைவது இப்படித்தான்.

“படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?” என்று கேட்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். டிசைனரின் வேலை படம் வரைவது மட்டுமல்ல. எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் முக்கியம். வானொலியில் எந்தச் சொல்லை அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்று நான் யோசிப்பதுபோல, அவர் எழுத்தின் அளவையும் இடைவெளியையும் யோசிக்கிறார். காரில் போகிறவர் பேனரைப் பார்ப்பது சில விநாடிகளே. அதற்குள் விழாவின் பெயர், தேதி, இடம் மனத்தில் பதிய வேண்டும்.

தமிழுக்குத் தனிக் கவனமும் வேண்டும். ‘கி’யின் சுழி மேலே ஏறும், ‘கு’வின் வளைவு கீழே இறங்கும். வரிகளை நெருக்கினால் இரண்டும் மோதிக்கொள்ளும். நம் சொற்களும் நீளம். இடம் போதவில்லை என்று எழுத்தை நசுக்கினால் படிக்க முடியாது.

இந்தத் துறையில் நமக்கு முன்னோடி வெளியூரில் இல்லை. 1980களிலேயே ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கியவர் மலேசியரான முத்து நெடுமாறன். அவர் வடிவமைத்த ‘இணைமதி’ எழுத்துரு ஆப்பிள் மேக் கணினிகளில் இடம்பெற்றிருக்கிறது.

தம்பி, தங்கைகளே, மென்பொருளை யாரும் கற்றுக்கொள்ளலாம். அதோடு தமிழைப் பிழையின்றிப் படிக்கத் தெரிந்தால், அது உங்கள் கூடுதல் பலம். அந்த வேலைக்குத் தயங்காமல் கூலி கேளுங்கள்.

பேனர் அடிக்கக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அச்சுக்குப் போகுமுன் மாதிரியை வாங்கி, தமிழ் தெரிந்த ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அச்சடித்துத் தொங்கவிட்ட பிறகு எந்தக் கொம்பையும் நகர்த்த முடியாது.