கூரை மேல் டிஷ் நமது. வீட்டுக்குள் பூட்டு அவர்களது!

2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டெலிவிஷன் செட்டுகளுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தீபாவளிப் பரிசு என்று டில்லி ஆட்சியாளர்கள் தம்பட்டம் அடித்தார்கள். வரி குறைந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால், எட்டு ஆண்டுகள் மேல்வரி வாங்கியவர்கள், அதை நிறுத்தியதற்குப் பரிசு என்று பெயர் சூட்டியதை மக்கள் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

அது கிடக்கட்டும். போனஸ் பணத்தில் பெரிய செட்டு வாங்கி வந்து சுவரில் மாட்டிய தொழிலாளி, அன்று மாலையே கண்ணாடி போன்ற படத்தைப் பார்த்துவிட முடிகிறதா? பல வீடுகளில் முடிவதில்லை. கடையில் தெரிந்த தெளிவு வேறு. வீட்டில் தெரிவது வேறு. செட்டிலே கோளாறா? இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? அதுவும் இல்லை. எச்.டி. என்கிற உயர் தெளிவுப் படம் ஒரு சங்கிலி. அதில் ஒரு கண்ணி விட்டுப் போனாலும் படம் பழைய படம்தான்.

கணக்கைப் பாருங்கள். சாதாப் படத்தில் 576 வரிகள். வரிக்கு 720 புள்ளிகள். முழு எச்.டி. படத்தில் 1080 வரிகள். வரிக்கு 1920 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720 புள்ளிகள் எங்கே, 20,73,600 புள்ளிகள் எங்கே! சரியாக ஐந்து மடங்கு. சாதாப் படத்தைப் பெரிய திரையில் போடுவது, ஒற்றைப் போர்வையை நான்கு பேர் இழுத்துப் போர்த்திக் கொள்வது போல. இழுக்கலாம், குளிர் போகாது.

வேண்டியவை ஐந்து

முதலாவது, எச்.டி. செட்டு. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த கலர் டி.வி. குழாய்த்திரை செட்டு. அது ஏழை வீட்டுக்குள் உலகத்தைக் கொண்டு வந்தது. ஆனால் இந்தத் தெளிவுக்கு அது போதாது.

இரண்டாவது, கூரை மேல் டிஷ். சுமார் இரண்டடி அகலம். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோ மீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக் கோளைப் பார்த்து அதைத் திருப்பி வைக்கிறார்கள். அதன் முன்னே நீட்டிக் கொண்டிருக்கும் சிறு கருவி எல்.என்.பி.; டிஷ் குவித்துத் தரும் அலையை வாங்கி வயரில் கீழே அனுப்புவது அதுவே. எச்.டி.க்கு என்று தனி டிஷ் கிடையாது. வருகிற அலை சாதாவா, எச்.டி.யா என்று டிஷ்ஷுக்குத் தெரியாது. ஆகவே, இருக்கிற டிஷ் நல்ல நிலையில் இருக்கும்போது "டிஷ்ஷையும் மாற்றினால்தான் எச்.டி. வரும்" என்று எவரேனும் சொன்னால், காரணம் கேட்காமல் காசு எடுக்காதீர்கள்.

மூன்றாவது, எச்.டி. செட்டாப் பாக்ஸ். பழைய சாதா பாக்ஸ் இந்தப் படத்தைப் பிரித்துக் காட்டாது.

நான்காவது, எச்.டி.எம்.ஐ. வயர். பலர் வழுக்கி விழும் இடம் இது. புது பாக்ஸ் வந்திருக்கும். புது செட்டும் இருக்கும். நடுவிலே பழைய சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயரை மாட்டியிருப்பார்கள். அந்த மஞ்சள் வயர் சாதாப் படத்தை மட்டுமே சுமக்கும். ஐந்து மடங்குப் படம் பாக்ஸ் வரை வந்து, வாசலிலே நின்றுவிடுகிறது!

ஐந்தாவது, எச்.டி. சானலுக்குத் தனிச் சந்தா. நான்கும் இருந்து இது இல்லாவிட்டால், அத்தனையும் சுவரில் தொங்கும் அலங்காரம்.

பூட்டு எங்கே இருக்கிறது?

இந்த ஐந்தில் செட்டு நம்முடையது. எந்தக் கம்பெனிச் செட்டும் வாங்கலாம். டிஷ்ஷைத் திருப்பி வைத்தால் இன்னொரு சேவைக்கும் உதவும். வயர் எந்தக் கடையிலும் கிடைக்கும். பாக்ஸ் மட்டும்தான் கம்பெனியோடு கட்டிப் போடப்பட்டது. ஒரு கம்பெனியின் பாக்ஸ் இன்னொரு கம்பெனியின் சானலைத் திறக்காது.

பாக்ஸ் செய்கிற முக்கிய வேலை இரண்டு. சுருக்கி அனுப்பிய படத்தை விரிப்பது ஒன்று. சந்தா கட்டியவருக்கு மட்டும் பூட்டைத் திறப்பது இன்னொன்று. முதல் வேலையை இன்றைய செட்டே செய்துவிடும். இரண்டாவது வேலைக்கு ஒரு சிறு அட்டை போதும். செல்போன் நம்முடையது, சிம் கம்பெனியுடையது என்று இருக்கிறதே, அது போல. 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே போன் கம்பெனியை மாற்ற முடிகிறது. டெலிவிஷனுக்கு மட்டும் ஏன் முடியாது? ஒரு கம்பெனியின் பல்பு இன்னொரு கம்பெனியின் ஹோல்டரில் எரியாது என்றால் நாம் பொறுத்துக் கொள்வோமா?

இதன் விலையை மக்கள் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். 2008-இல் தொடங்கிய ரிலையன்ஸ் பிக் டி.வி. பிறகு கைமாறியது, இண்டிபெண்டன்ட் டி.வி. என்று பெயரும் மாறியது. 2019-இல் ஒளிபரப்பே நின்று போயிற்று. முதலாளிகளுக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு நஷ்ட வரி. சந்தாதாரன் வீட்டிலோ, காசு கொடுத்து வாங்கிய பாக்ஸ் குப்பை! செட்டு கெடவில்லை, டிஷ் கெடவில்லை, பாக்ஸும் கெடவில்லை. பூட்டியவன் போய்விட்டான், சாவியும் அவனோடு போய்விட்டது.

சொன்னவர்கள் யார்?

நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. 2001-இல் டி.டி.எச். சேவைக்கு விதி வகுத்தபோதே, பாக்ஸ் ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது, மற்றவர் சேவைக்கும் பொருந்த வேண்டும் என்று மத்திய சர்க்கார் எழுதி வைத்தது. எழுத்தில் இருந்தது, வீட்டுக்கு வரவில்லை.

2020 ஏப்ரலில், எல்லா பாக்ஸும் எல்லாக் கம்பெனிக்கும் பொருந்த வேண்டும், அதைக் கட்டாயமாக்குங்கள் என்று டிராய் பரிந்துரை செய்தது. டிராய் தொழிற்சங்கம் அல்ல. சர்க்காரே அமைத்த ஆணையம். 2025 பிப்ரவரியிலும் அதே ஆணையம், மக்களுக்குத் தேர்வுரிமை வேண்டும், மின்னணுக் குப்பை குறைய வேண்டும் என்று காரணம் காட்டி, பாக்ஸ் பொதுவாக வேண்டும் என மீண்டும் பரிந்துரைத்தது. 2020-இல் சொன்னது நடந்திருந்தால், 2025-இல் மறுபடியும் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? ஆட்சியாளர்கள் பதில் சொல்லட்டும்.

ஐரோப்பாவில் இதற்கு வழி கண்டு பல ஆண்டுகள் ஆயின. 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட திரையுள்ள டிஜிட்டல் செட்டுகளில் பொதுத் துளை ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-இலேயே கட்டளையிட்டது. அது முதலாளித்துவ நாடுகளின் ஒன்றியம்தான். அங்கேயே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

கம்பெனிகளின் வாதம்

"பாக்ஸை அடக்க விலைக்கும் குறைவாகக் கொடுக்கிறோம், பொதுவாக்கினால் நஷ்டம்" என்கிறார்கள். குறைத்துக் கொடுப்பது தர்மத்துக்காக அல்ல. வாடிக்கையாளன் வேறிடம் போக மாட்டான் என்ற தைரியத்தில் கொடுக்கிறார்கள்; மாதச் சந்தாவிலே வாங்கிக் கொள்கிறார்கள். தூண்டிலில் வைக்கும் புழு மீனுக்குச் செய்த விருந்து ஆகுமா?

"திருட்டு நடக்கும்" என்பது அடுத்த வாதம். பூட்டே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பூட்டை அட்டையில் வையுங்கள், பாக்ஸில் வைக்காதீர்கள் என்கிறோம்.

"எல்லோரும் இண்டர்நெட்டுக்குப் போகிறார்கள், இனி டிஷ் எதற்கு?" என்பாரும் உண்டு. 2019-இல் 7 கோடிக்கு மேல் இருந்த கட்டண டி.டி.எச். சந்தாதாரர்கள் 2025-இல் 6 கோடிக்கும் கீழே இறங்கியது உண்மைதான். ஆனால் மாதச் சந்தா இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இருக்கிறதே! மக்கள் டிஷ்ஷை வெறுக்கவில்லை, பில்லை வெறுக்கிறார்கள்.

பில் மட்டும் சும்மா இருக்கிறதா? 2019-இல் முதல் 100 சானலுக்கு 130 ரூபாய் உச்சவரம்பு. 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசு. எச்.டி. சானல் ஒன்று, சாதா சானல் இரண்டாக எண்ணப்பட்டது. சானலின் விலை தனி. அந்த உச்சவரம்பையும் 2024 ஜூலையில் டிராய் எடுத்துவிட்டது. போட்டி இருக்கிறது, விலை தானே சரியாகும் என்பது அவர்கள் வாதம். போட்டி எங்கே இருக்கிறது? கட்டண டி.டி.எச். நடத்துவது நான்கே கம்பெனிகள். கம்பெனி மாற வேண்டுமானால் பாக்ஸையும் மாற்று என்று சொல்லிவிட்டு, விலையை மட்டும் சந்தை பார்த்துக் கொள்ளும் என்பது, கதவைச் சாத்திவிட்டு "விருப்பம் போல் வெளியே போகலாம்" என்பது போன்றது.

நம் கோரிக்கை

டிஷ் வயரை நேராகச் செருகி, பூட்டில்லாத சானல்களைப் பாக்ஸ் இல்லாமலே பார்க்கும் செட்டுக்கு ஐ.எஸ். 18112 என்ற தரம் வகுக்கப்பட்டதாக 2023 ஜனவரியில் சர்க்காரே அறிவித்தது. பாக்ஸ் இல்லாமலும் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பூட்டில்லாத சானலுக்கு முடிந்தது, அட்டை போட்டால் கட்டணச் சானலுக்கும் முடியும்.

எனவே நாம் கேட்பது மூன்று. பாக்ஸ் பொது என்பது பரிந்துரையாக இல்லாமல் சட்டமாக வேண்டும். விற்கிற ஒவ்வொரு செட்டிலும் டிஷ் வயருக்கும் அட்டைக்கும் துளை இருக்க வேண்டும். சேவையை நிறுத்துகிற கம்பெனி, பாக்ஸுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

தோழர்களே! இது பொழுதுபோக்குப் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். எட்டு மணி நேரம் உழைத்தவன் வீட்டில் அமர்ந்து செய்தி கேட்கவும் பந்தாட்டம் பார்க்கவும் உரிமை உள்ளவன். சங்கக் கூட்டத்தில் பேசுங்கள், படிப்பகத்தில் விளக்குங்கள். பக்கத்து வீட்டார் புது செட்டு வாங்கினால், முதலில் அந்த மஞ்சள் வயரை எடுக்கச் சொல்லுங்கள். வயரை மாற்ற நிமிடம் போதும். பூட்டை மாற்ற நாம் எல்லோரும் சேர வேண்டும்.