யார் கூலியில் இந்த மலிவு?

வெளிநாட்டு நோயாளிகள் ஏன் சென்னைக்கு வருகிறார்கள்? என் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் படிக்கும் கட்டுரைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் தருகின்றன: செலவு குறைவு, காத்திருப்பு இல்லை, மருத்துவர்கள் திறமையானவர்கள், மருத்துவமனை சுத்தம். பொய்யில்லை. பிரிட்டனில் அரசுச் செலவில் மூட்டு மாற்று அறுவைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வங்கதேசத்திலிருந்து வருவோருக்காகவே கிரீம்ஸ் சாலைப் பக்கத்து விடுதிகளில் வங்க எழுத்தில் பலகைகள் தொங்குகின்றன.

எனக்குச் சிக்கல் ‘செலவு குறைவு’ என்ற சொல்லில்தான். ஏதோ பருவமழைபோல, தானாக அமைந்த ஒன்றாகவே அது ஆய்வுகளில் வந்துபோகிறது. எம்ஆர்ஐ இயந்திரம் பெரும்பாலும் இறக்குமதி. அதில் பெரிய மிச்சம் இல்லை. மருந்து விலை, வழக்குக் காப்பீடு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் பெரிய வித்தியாசம் சம்பளத்தில்தான் இருக்கிறது. பெயர்பெற்ற அறுவை மருத்துவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள், அவர்களை விடுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2016இல் அமைந்த குழு, சிறிய தனியார் மருத்துவமனைகளில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அதை அமல்படுத்து என்று செவிலியர்கள் போராட வேண்டியிருக்கிறது.

அவர்களுக்கும் கீழே இருக்கிறார் வார்டில் ரத்தமும் வாந்தியும் துடைப்பவர், மருத்துவக் கழிவைச் சுமப்பவர். இந்த வேலைக்குப் பெரும்பாலும் எந்தச் சேரியிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் சாதி இருக்காது. ‘அவுட்சோர்சிங்’ என்ற சொல் இருக்கும். அதுவே போதுமானதாக இருக்கிறது.

நோயாளிகளிடம் தரும் கேள்வித்தாள்களில் ‘மருத்துவமனை தூய்மையாக இருந்ததா?’ என்று கேட்டு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்பார்கள். அறுவைக்குப் பின் தொற்று வராமலிருப்பதில் பாதி வேலை துடைப்பத்தையும் பினாயிலையும் பிடித்த கைகளுடையது. அந்தக் கைகளுக்கு எவ்வளவு கூலி என்ற கேள்வியை நான் படித்த எந்தக் கேள்வித்தாளிலும் பார்த்ததில்லை. நுகர்வோர் ஆய்வில் அதற்கென்ன இடம் என்பார்கள். நுகர்வோர் ஐந்துக்கு ஐந்து போடுவது அதற்குத்தானே?

நோயாளிகளைச் சந்திக்க எனக்கு அனுமதி தந்த ஒரு பெரிய மருத்துவமனை, தூய்மைப் பணியாளர்களைச் சந்திக்க மறுத்துவிட்டது. காரணம்: “அவங்க எங்க ஸ்டாஃப் இல்லைங்க.”

மருத்துவச் சுற்றுலாவுக்கு விளம்பரம் செய்யும் அரசு ஒன்று செய்யலாம். தன் பட்டியலில் ஒரு மருத்துவமனையைச் சேர்க்கும் முன் அங்குள்ள ஒப்பந்தப் பணியாளர்களின் சம்பளச் சீட்டையும் இஎஸ்ஐ, பிஎஃப் கணக்கையும் கேட்டு வாங்கலாம்.