செத்தால் வீரர், பிழைத்தால் ஊழியரா?



தூத்துக்குடி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் துறைமுகமும் உப்பளமும், ஒரு காலத்தில் முத்துக்குளித்த கடலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கரையை விட்டு மேற்கே கோவில்பட்டி, கயத்தாறு பக்கம் வந்து பாருங்கள். கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் உளுந்து, பருத்தி. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். அதுவும் கை கொடுக்காவிட்டால் வெளியூர்ப் பிழைப்பு.

இந்தக் கிராமங்களில் படிப்பை முடித்த பிள்ளைகளுக்குக் கண்ணில் தெரிகிற ஒரு வழி, யூனிஃபார்ம் வேலை. மத்திய ஆயுதப் படைகளில் கான்ஸ்டபிள் ஆக வேண்டுமானால் 5 கிலோமீட்டரை 24 நிமிஷத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதற்காக விடியற்காலையில் ரோட்டில் ஓடும் பையன்களை நம்ம ஊர்ப் பக்கம் யாரும் பார்க்கலாம். அந்தத் தேர்வின் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருந்தது. தமிழ்நாடு குரல் கொடுத்த பிறகு, 2024 முதல்தான் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம் என்று ஆனது.

இப்படி ஒரு கிராமத்திலிருந்து படைக்குப் போனவர்தான் சுப்பிரமணியன். ஊர், கயத்தாறு வட்டாரத்தில் இருக்கும் சவலாப்பேரி. படை, சி.ஆர்.பி.எஃப். என்ற மத்திய ரிசர்வ் போலீஸ் படை. வயது 28. விவசாயக் குடும்பம். கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. பொங்கலுக்கு லீவில் ஊருக்கு வந்தவர், பிப்ரவரியில் வேலைக்குத் திரும்பினார். திரும்பிய சில நாளிலேயே அந்தச் செய்தி வந்தது.

2019 பிப்ரவரி 14. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு 78 வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே 2,500-க்கும் மேற்பட்ட வீரர்கள். பனியால் மூடிக் கிடந்த நெடுஞ்சாலை அப்போதுதான் திறந்திருந்தது. புல்வாமா மாவட்டம் லெத்போரா அருகே, வெடிமருந்து ஏற்றிய ஒரு கார் வந்து ஒரு பஸ்ஸின்மேல் மோதியது. 40 பேர் உயிரிழந்தார்கள். அதில் இரண்டு பேர் தமிழர்கள். ஒருவர் நம்ம சவலாப்பேரி சுப்பிரமணியன். இன்னொருவர் அரியலூர் மாவட்டம் கார்குடி சிவச்சந்திரன்.

பிப்ரவரி 16-ம் தேதி சவலாப்பேரியில் துப்பாக்கி வேட்டு முழங்க, அரசு மரியாதையோடு சுப்பிரமணியனை அடக்கம் செய்தார்கள். அக்கம்பக்கத்து ஊர் சனமெல்லாம் திரண்டது. தமிழக அரசு இரண்டு குடும்பத்துக்கும் தலா 20 லட்சம் ரூபாயும், குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது.

இந்தக் கொலையைச் செய்தது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜெய்ஷ்-இ-முகமது பயங்கரவாத அமைப்பு அன்றைக்கே பொறுப்பேற்றது. 2020 ஆகஸ்டில் என்.ஐ.ஏ. 19 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்தக் கொலைகாரர்களை மன்னிக்கச் சொல்லி இங்கே யாரும் பேசவில்லை. நாம் கேட்பது வேறு. நம்ம பிள்ளைகளைப் படைக்கு அழைத்துக்கொண்ட அரசு, அவர்களை என்னவாக நினைக்கிறது? போர் வீரனாகவா, வெறும் ஊழியனாகவா?

முதலில் அந்த ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஜம்மு காஷ்மீர் ஆளுநராக இருந்த சத்யபால் மாலிக், 2023-ல் ஒரு பேட்டியில், வீரர்களை அழைத்துப்போக விமானம் கேட்கப்பட்டதாகவும் உள்துறை அமைச்சகம் தரவில்லை என்றும் சொன்னார். சரி, அவர் சொன்னதை விட்டுவிடுவோம். அரசு தானே போட்ட ஆணையைப் பார்ப்போம். சம்பவம் நடந்து ஏழே நாளில், பிப்ரவரி 21 அன்று, மத்தியப் படைகளில் கான்ஸ்டபிள் முதல் உதவி சப்-இன்ஸ்பெக்டர் வரை உள்ளவர்களும் டெல்லி - ஸ்ரீநகர், ஜம்மு - ஸ்ரீநகர் வழிகளில் அரசு செலவில் விமானத்தில் போகலாம் என்று உள்துறை உத்தரவு போட்டது. சுமார் 7,80,000 பேருக்கு இது பயன்படும் என்றும் அறிவித்தது.

ஏழு நாளில் கொடுக்க முடிந்ததை, ஏழு நாளுக்கு முன்னால் ஏன் கொடுக்க முடியவில்லை? அதுவரைக்கும் அந்த உரிமை இவர்களுக்கு இல்லை. கான்ஸ்டபிள்தானே, பஸ்ஸில் போகட்டும் என்பதுதான் விதியாக இருந்தது. விதியை மாற்ற 40 சவப்பெட்டி வேண்டியிருந்தது.

அடுத்து, போர் என்ற சொல். பிப்ரவரி 26-ல் பாலாகோட்டில் விமானத் தாக்குதல் நடந்தது. நாடு முழுக்கப் போர்ப் பேச்சு. ஏப்ரல் 9-ல் லாத்தூரில் தேர்தல் கூட்டம். புல்வாமாவில் உயிரிழந்த வீரர்களுக்கும் பாலாகோட் தாக்குதல் நடத்திய வீரர்களுக்கும் உங்கள் முதல் ஓட்டை அர்ப்பணிக்க மாட்டீர்களா என்று முதல்முறை வாக்காளர்களிடம் கேட்டார் பிரதமர். வீரர்களின் படங்களைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று தேர்தல் ஆணையம் அதற்கு ஒரு மாதம் முன்பே எல்லாக் கட்சிகளுக்கும் அறிவுறுத்தியிருந்தது. பிரதமரின் அந்தப் பேச்சில் விதிமீறல் இல்லை என்று அதே ஆணையம் பிறகு முடிவெடுத்ததும் உண்மை.

ஓட்டுக் கேட்கும்போது இவர்கள் போர் வீரர்கள். பென்ஷன் கேட்கும்போது? அங்கேதான் கதை மாறுகிறது.

2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. சம்பளத்தில் பிடித்தம் செய்து சந்தையில் போடும் புதிய பென்ஷன் திட்டம்தான். ஆனால் அந்த அறிவிக்கையிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: ஆயுதப் படைகளுக்கு இது பொருந்தாது. அதனால்தான் ராணுவ ஜவானுக்குப் பழைய பென்ஷன் தொடர்கிறது. அவர் சம்பளத்தில் பென்ஷனுக்காகப் பத்துப் பைசா பிடிப்பதில்லை. அது நியாயம்தான், அவர்களுக்கு அது வேண்டும்.

அப்படியானால் சி.ஆர்.பி.எஃப். ஆயுதப் படை இல்லையா? 1949-ம் வருஷத்து சி.ஆர்.பி.எஃப். சட்டத்தை எடுத்துப் பாருங்கள். இது மத்திய அரசு பராமரிக்கும் ஆயுதப் படை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் அரசின் வாதம் என்ன? அறிவிக்கையில் இருக்கும் ஆயுதப் படை என்ற சொல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ளவர்களை மட்டும்தான் குறிக்குமாம். சி.ஆர்.பி.எஃப். உள்துறையின் கீழ் வருவதால் கிடையாதாம். துப்பாக்கி ஒன்று, எதிரி ஒன்று, குண்டும் ஒன்று. அமைச்சகம் மட்டும் வேறு. என்னங்க நியாயம் இது?

2004 ஜனவரியில் சுப்பிரமணியன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையன். அவர் படைக்குப் போவதற்குப் பல வருஷம் முன்னாடியே அவருடைய முதுமைக்கான கணக்கை டெல்லியில் முடித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சண்டையிலும் தாக்குதலிலும் உயிரிழந்த மத்தியப் படை வீரரின் குடும்பத்துக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இழப்பீடும் உண்டு. எதுவுமே கொடுக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. நம்ம கேள்வி அன்றைக்கு அந்தப் பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றியது. அவரும் அதே ரோட்டில்தான் போனார். அதே குண்டு அவர் வண்டியில் மோதியிருக்கலாம். அவர் பிழைத்தார். பிழைத்த குற்றத்துக்காக, 2004-க்குப் பின் சேர்ந்தவராக இருந்தால், அவருக்குப் பழைய பென்ஷன் இல்லை. ஆக, செத்தால்தான் வீரர். உயிரோடு ரிட்டயர் ஆனால் சாதாரண ஊழியர்.

சரித்திரமும் இந்தப் பிரிவினையை ஏற்காது. 1959 அக்டோபர் 21-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையின் துப்பாக்கிக்கு முன்னால் நின்று 10 போலீஸ்காரர்கள் உயிர்விட்டார்கள். அந்த நாளைத்தான் இன்றைக்கும் காவலர் நினைவு தினமாக அனுசரிக்கிறோம். 1965 ஏப்ரல் 9-ல் கட்ச் பாலைவனத்தில் சர்தார் போஸ்ட்டைத் தாக்க வந்த பாகிஸ்தான் ராணுவப் படையை எதிர்த்து நின்றது சி.ஆர்.பி.எஃப். இரண்டு இடத்திலும் எதிரே வந்தது அந்நிய நாட்டு ராணுவம். போலீஸ்காரர் தானே என்று எதிரி குண்டை மிச்சம் வைக்கவில்லை.

2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பு சொன்னது: மத்தியப் படைகளும் ஆயுதப் படைகள்தான், அவர்களுக்கும் பழைய பென்ஷன் பொருந்தும். மத்திய அரசு என்ன செய்தது? ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டதா? உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்புக்கு இடைக்காலத் தடை வாங்கியது. 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. அதிலும் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம். பாதிச் சம்பளம் பென்ஷனாக வேண்டுமானால் 25 வருஷ சர்வீஸ் வேண்டும். ராணுவ ஜவானுக்கு 15 வருஷம் போதும்.

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். லட்சக்கணக்கான பேருக்குப் பென்ஷன் என்றால் பெரிய செலவு. ஆனால் செலவு என்ற காரணத்தை மேடையில் சொல்லுங்கள். மாலை போடும்போது வீரர் என்றும், கணக்குப் போடும்போது ஊழியர் என்றும் இரண்டு நாக்கில் பேசாதீர்கள்.

இது காஷ்மீர் விவகாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள் தோழர்களே. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தின் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறாரே ஒரு வீரர், அவர் சி.ஐ.எஸ்.எஃப். அதுவும் உள்துறையின் கீழ் வரும் மத்தியப் படைதான். அவருக்கும் இதே விதிதான். அடுத்த தடவை அந்த வழியாகப் போகும்போது அவர் முகத்தைப் பாருங்கள். ஏதோ ஒரு சவலாப்பேரி அவருக்கும் இருக்கும்.

'தியாகி' என்ற பட்டத்துக்காக நாம் சண்டை போடவில்லை. அரசு ஆவணங்களில் அப்படி ஒரு சொல் ராணுவத்துக்கும் கிடையாது, மத்தியப் படைக்கும் கிடையாது என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. பட்டத்தை மக்கள் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். அரசு கொடுக்க வேண்டியது உரிமை.

நாம் கேட்பது மூன்று.

ஒன்று: டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து நடத்தும் வழக்கை மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். மத்தியப் படை வீரர்கள் எல்லோருக்கும் பழைய பென்ஷனை வழங்க வேண்டும்.

இரண்டு: பெரிய அளவில் வீரர்களை ரோட்டில் கொண்டுபோக யார் முடிவெடுத்தார்கள், என்ன எச்சரிக்கை இருந்தது, எங்கே தவறியது என்பதை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். கொலைகாரனைப் பிடிப்பது ஒரு வேலை. ஓட்டையை அடைப்பது இன்னொரு வேலை. முதலாவது நடந்ததால் இரண்டாவது தேவையில்லை என்று ஆகிவிடாது.

மூன்று: எந்தக் கட்சியானாலும், நம்ம கட்சி உட்பட, உயிரிழந்த வீரர்களின் பெயரையும் படத்தையும் காட்டி ஓட்டுக் கேட்கக் கூடாது. இந்தப் பதிவையும் யாரும் தேர்தல் போஸ்டராக மாற்ற வேண்டாம்.

பிப்ரவரி 14 வந்தால் ஸ்டேட்டஸில் மெழுகுவத்திப் படம் வைப்பது சுலபம். வையுங்கள், தப்பில்லை. அதோடு உங்கள் தொகுதி எம்.பி.யிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மத்தியப் படை வீரர்களின் பென்ஷன் பற்றி அவையில் எத்தனை தடவை பேசினீர்கள்? அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் கேளுங்கள். நம்ம கட்சியாக இருந்தால் ரெண்டு தடவை கேளுங்கள்.

சவலாப்பேரி சுப்பிரமணியனுக்கும், கார்குடி சிவச்சந்திரனுக்கும், அவர்களோடு உயிர்நீத்த 38 பேருக்கும் வீரவணக்கம்!

உயிரோடு காவல் நிற்கிற வீரர்களுக்கு உரிமை வேண்டும்!

#வீரவணக்கம் #பழைய_பென்ஷன்_உரிமை