காரில் ஒரு சின்னத் துளை வேண்டும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் சர்க்கரை, முழங்கால், பென்ஷன் என்றுதான் பேச்சு ஓடும். இப்போது நாலாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "பையன் புதுக் கார் வாங்கியிருக்கிறான் சார். என் பாட்டுப் பெட்டியை அதில் எப்படி மாட்டுவது?" ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் என்பதால், இந்தக் கேள்வி எப்படியோ என்னிடம் வந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். கூடவே என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கார் வாங்கும்போது நாம் கேட்டு வாங்க வேண்டிய வசதிகளில் ஒன்று, கையிலிருக்கும் பாட்டுக் கருவியை நேராகச் செருக ஒரு துளை. அது இல்லாத காரை "எல்லா வசதியும் உண்டு" என்று சொல்லி நம்மிடம் விற்கக் கூடாது.

காரில் பாட்டு கேட்பது நேற்று வந்த ஆசை இல்லை. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930ல் காரில் மாட்டும் ரேடியோவைச் செய்து அதற்கு 'மோட்டோரோலா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் பாதி 'மோட்டார்'தான். பிலிப்ஸ் நிறுவனம் 1963ல் கேசட்டைக் கொண்டுவந்தது. நம் ஊரில் அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் பாட்டு செட் தனியாக வாங்கி மாட்டும் சாமான். இங்கிருந்து பெங்களூர் போய் ஜே.சி. ரோட்டில் மாட்டிக்கொண்டு வருவோம். கேசட் கடையில் பாட்டுப் பட்டியலை நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஏழாவது பாட்டு பாதியில் நின்றால் கடைக்காரரிடம் சண்டை. ஆனால் அந்தப் பன்னிரண்டு பாட்டும் நம் பாட்டு, நாம் தேர்ந்தெடுத்தவை. யார் தயவும் இல்லாமல் பத்து வருஷம் ஓடின.

அதற்குப் பிறகு கையில் வைத்துக் கேட்கும் கருவிகள் வந்தன. 1979ல் சோனி வாக்மேன், பிறகு குறுந்தகடு, 2001 அக்டோபரில் ஆப்பிளின் ஐபாட். கருவி மாற மாற, அதைக் காரோடு சேர்க்கும் வழியும் மாறியது. இன்னும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக அந்த வழிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

கேசட் செட் இருக்கும் கார் என்றால், கேசட் வடிவத்திலேயே ஒரு அடாப்டர் உண்டு. உள்ளே நாடா இருக்காது. நாடா ஓடும் இடத்தில் ஒரு சின்னக் காந்தத் தலை இருக்கும். அது செட்டின் தலையோடு முகத்துக்கு முகம் நின்று பாட்டைக் கடத்தும். வால் போல ஒரு ஒயர் வெளியே வரும், அதைக் கருவியின் இயர்போன் துளையில் செருக வேண்டும். எளிமையான, நல்ல யோசனை. தானாகப் பக்கம் மாற்றும் சில செட்டுகள் மட்டும் இதைப் பார்த்துக் குழம்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிக்கொண்டிருக்கும்.

ரேடியோ மட்டும் உள்ள காருக்கு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் அது ஒரு குட்டி வானொலி நிலையமாகிவிடும். இரண்டடி தூரத்தில் இருக்கும் கார் ரேடியோ அதைப் பிடிக்கும். சென்னையிலோ மதுரையிலோ இது எப்படியோ தெரியாது, ஓசூர்க்காரனுக்கு இதில் தனித் தொல்லை உண்டு. இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் 2001 ஜூலையில் பெங்களூரில்தான் தொடங்கியது. பிறகு வரிசையாகப் பல வந்தன. அவை எல்லாம் அத்திப்பள்ளியைத் தாண்டி நம் வீட்டுக்குள்ளும் கேட்கும். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டையில் காலி இடம் தேடுவது, பண்டிகை நாளில் பஸ்ஸில் சீட் தேடுவது மாதிரி. எஃப்.எம். ரேடியோவின் குணம், இரண்டு நிலையம் ஒரே இடத்தில் மோதினால் வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அதனால் ஜூஜுவாடி பக்கம் போகப் போக நம் டி.எம்.எஸ். மறைந்து, ஒரு கன்னடப் பெண்மணி கலகலவென்று பேச ஆரம்பித்துவிடுவார். கிருஷ்ணகிரி பக்கம் திரும்பினால் பெங்களூர் தேய்ந்து, தர்மபுரி வானொலி எழும். எல்லையில் வாழ்கிறவனுக்குக் காற்றிலும் எல்லைத் தகராறு. கன்னடமும் தெலுங்கும் நமக்கு அந்நியம் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் ஒரு பாட்டின் சரணத்தில் இன்னொரு பாட்டு வந்து விழுந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மூன்றாவது வழி ஆக்ஸ் துளை. 3.5 மில்லிமீட்டர், நம் இயர்போன் போகிற அதே அளவு. இரண்டு பக்கமும் ஊசி உள்ள ஒயர் ஒன்று போதும். இதில் அலைவரிசை தேட வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், எந்தக் கம்பெனிக் கருவியும் எந்தக் காரோடும் பேசும். இதுவரை வந்த வழிகளில் இதுவே உத்தமம் என்பது என் தீர்ப்பு. ஒயரை மட்டும் இரண்டு வளையம் உள்ள ஊசியாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று வளையம் உள்ளது மைக் உள்ள இயர்போனுக்கானது, சில செட்டில் அது கொரகொரவென்று கத்தும். கருவியின் ஒலியை முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வைத்துவிட்டு, மீதியைக் கார் செட்டில் ஏற்றி இறக்குங்கள். கருவியில் குறைத்து வைத்துக் காரில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

இதில் பலர் என்னிடம் கேட்பது அந்த "ஙொய்ங்" சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமும் ஏறும். கார் செட்டில் பழுது என்று மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். கருவியைக் காரிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு, அதே நேரத்தில் ஆக்ஸ் ஒயரிலும் மாட்டினால், பூமி இணைப்பு இரண்டு பாதையில் போய் ஒரு வட்டம் உண்டாகிவிடும். ஆல்டர்னேட்டரின் அலை அந்த வட்டத்தில் புகுந்து பாட்டோடு கலந்து வரும். தொழிற்சாலையில் பெரிய அளவில் பார்த்த அதே வியாதிதான். சார்ஜர் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் நோய் அதுதான். வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தால் போதும். அல்லது 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான்.

நாலாவது பென்டிரைவ். சாதாரண தரத்தில் பதிந்த எம்.பி.3 பாட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்.பி. பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 5 எம்.பி. ஆக 16 ஜி.பி. பென்டிரைவில் 3000 பாட்டு அடங்கும். பன்னிரண்டு பாட்டுக் கேசட் கணக்கில் 250 கேசட்! "பெரிய பென்டிரைவ் போட்டேன், கார் படிக்கவில்லை" என்பார்கள். 32 ஜி.பி.க்கு மேற்பட்டவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வரும். பல கார் செட்டுகளுக்கு ஃபேட் 32 மட்டும்தான் தெரியும். சிறியதாக வாங்கினால் தீர்ந்தது. பாட்டுகள் வரிசை மாறி வந்தால் கோப்பின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு, அந்த வரிசையிலேயே நகல் எடுங்கள்.

இனி, எல்லோரும் கேட்கும் கேரவான் பெட்டி. 2017ல் சரிகம நிறுவனம் கொண்டுவந்தது. தமிழ்ப் பெட்டியில் 5000 பாட்டு. பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வாங்கித் தரும் பரிசாகவே ஆகிவிட்டது. "அதிலும் புளூடூத் இருக்கிறது, காரிலும் புளூடூத் இருக்கிறது, ஏன் சார் சேரவில்லை?" என்பதுதான் கேள்வி. பெட்டியில் புளூடூத் வைத்திருப்பது போனிலிருந்து பாட்டை வாங்கி ஒலிப்பதற்கு. கார் செட்டும் வாங்குகிற ஆசாமிதான். இரண்டு பேரும் கை நீட்டிக்கொண்டு நின்றால் கொடுப்பது யார்? உங்கள் மாடலில் இயர்போன் துளை இருந்து, காரில் ஆக்ஸ் துளையும் இருந்தால் ஒரு ஒயரில் வேலை முடிந்தது. காரில் அந்தத் துளை இல்லையென்றால், 5000 பாட்டும் மடியில் கிடந்து தூங்க வேண்டியதுதான்.

இங்கேதான் எனக்கு வருத்தம். கேசட் போயிற்று, சரி. சி.டி. போயிற்று, அதுவும் சரி. இப்போது பல புதுக் கார்களில் ஆக்ஸ் துளையையும் எடுத்துவிட்டார்கள். கேட்டால், "எல்லாம் போன் வழியாக வந்துவிடும் அங்கிள்" என்கிறார் ஷோரூம் தம்பி. இளைஞர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒயர் இல்லை, காரில் ஏறியதும் தானே இணைகிறது, நினைத்த பாட்டை வாயால் கேட்டாலே வருகிறது. என் பேத்தி அப்படித்தான் கேட்கிறாள். நானும் ரசிக்கிறேன். ஆனால் அது ஒன்றே வழி என்றால் மூன்று விஷயத்தில் நமக்கு நஷ்டம்.

முதலாவது, போனில் வரும் பாட்டு நம் கையில் இருப்பது இல்லை. 2019ல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்த சில மாதங்களில், உரிமைத் தகராறு நீதிமன்றம் போய், சரிகமவின் பாட்டுகள் அதிலிருந்து எடுக்கப்பட்டன. மறுபடி வர அடுத்த வருஷம் ஆனது. 2024ல் விங்க் மியூசிக் செயலியே மூடப்பட்டது. அதில் ஆசையாகச் சேர்த்து வைத்த பட்டியல்களோடு கதை முடிந்தது. ஐபாட்டைக்கூட 2022ல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் ஏற்கெனவே வாங்கியவரின் ஐபாட் இன்றும் பாடுகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிக் காட்டுப் பாதையில் போகும்போது சிக்னல் போய், பல்லவியோடு பாட்டு நின்ற அனுபவம் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இருக்கும்.

இரண்டாவது, போன் என்பது பாட்டுப் பெட்டி மட்டும் இல்லை. நம் வரவு செலவு, நோய் நொடி, குடும்ப விவகாரம் எல்லாம் அதில்தான் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் மனைவி, சம்பந்தி வீட்டாரோடு சூளகிரி பக்கம் காரில் போய்க்கொண்டிருந்தார். பி. சுசீலா பாட்டு பாதியில் நின்றது. பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைப்பு. அவருடைய ரிப்போர்ட் பற்றி அந்தப் பெண் சொன்னது நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று அவர் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்த செய்தி அது. யாரைக் குறை சொல்ல? தனிப் பாட்டுக் கருவிக்கு அழைப்பு வராது. அது பாடும், அல்லது சும்மா இருக்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல் என்ற குற்றத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சட்டம் இருக்கட்டும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை அந்த நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு நொடி கண்ணை எடுத்தால் என்ன ஆகும் என்று. அடுத்த பாட்டுக்காக வழவழப்பான திரையில் விரலால் தேடுவது நம் கண்ணாடிக் கண்களுக்கு ஆகாத வேலை. பழைய செட்டின் குமிழைக் கண் பார்க்காமல் கை திருப்பும். ஐரோப்பாவில் கார்ப் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்கு நிஜப் பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் திரைக்குள் போட்டது அதிகம் என்று அங்கேயே உணர்ந்துவிட்டார்கள். தனிக் கருவியையும் ஓட்டிக்கொண்டே நோண்டக் கூடாதுதான். புறப்படும் முன் வரிசையைப் போட்டுவிட்டு, பிறகு தொடாமல் இருப்பதே முறை. பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில் அதைக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. போனை அப்படிக் கொடுக்க எல்லோருக்கும் மனம் வருமா?

ஒரு துளைக்கும் ஒயருக்கும் ஆகும் செலவு, காரின் விலையில் தூசு. இந்த ஓசூர் பகுதியில் வண்டியும் வண்டி உதிரிபாகமும் செய்து வாழ்ந்தவர்கள் நாம், அந்தக் கணக்கு நமக்குத் தெரியும். ஆகவே கார் வாங்கப் போகும் பிள்ளைகளோடு நாமும் ஒரு முறை ஷோரூமுக்குப் போவோம். மைலேஜ், ஏர்பேக் கேட்ட பிறகு, "ஆக்ஸ் துளை உண்டா? பென்டிரைவ் படிக்குமா? ஒலியைக் கூட்டக் குறைக்கக் குமிழ் உண்டா?" என்று இந்த மூன்றையும் கேட்போம். கையில் பென்டிரைவையும் கொண்டுபோய் அங்கேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்ட காரில் இவை இல்லையென்றால், புளூடூத்தில் பாட்டை அனுப்பும் சின்ன டிரான்ஸ்மிட்டர் கிடைக்கிறது. கருவியின் இயர்போன் துளையில் அதை மாட்டினால் கார் செட் வாங்கிக்கொள்ளும். பழைய காரை விற்பவர்கள், ஆர்.சி. புத்தகத்தைத் தேடுவதற்கு முன்னால் டேஷ்போர்டில் இருக்கும் பென்டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை வாங்குகிறவருக்கு அதில் இருக்கும் பாட்டு தேவைப்படாது.