எந்தக் கோலால் அளந்தீர்கள்?



இந்த வாரம் நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு கணிதச் செய்தி. உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று அறிவேன். பொறுமையோடு வாசியுங்கள். செய்தி கடற்கரையில் தொடங்கினாலும் நம் சித்தேரி மலையில்தான் வந்து நிற்கப்போகிறது.

பள்ளியில் படித்தவர்கள் அநேகர் இந்தியாவின் கடற்கரை 7,516 கிலோமீட்டர் நீளமுடையது என்று மனப்பாடம் செய்திருப்பர். மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆம் ஆண்டறிக்கையில் அந்த எண் 11,098.81 கிலோமீட்டர் ஆகிவிட்டது. தமிழ்நாட்டின் கரை 906.9 கிலோமீட்டரிலிருந்து 1,068.69 ஆக நீண்டது. குஜராத்தின் கரை 1,214.7 இலிருந்து 2,340.62 ஆகி ஏறத்தாழ இரட்டித்தது. மேற்கு வங்காளமோ 157.5 இலிருந்து 721.02 க்குத் தாவிவிட்டது. இத்தனைக்கும் நம் தேசத்தோடு புதிய நிலம் ஏதும் வந்து சேரவில்லை. மாறியது வரைபடம். 1970களில் அளந்தபோது 45 இலட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தை வைத்து அளந்தார்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 45 கிலோமீட்டர். இப்போதைய படம் இரண்டரை இலட்சத்தில் ஒரு பங்கு. அதில் ஒரு சென்டிமீட்டர் தரையில் இரண்டரை கிலோமீட்டர்தான். பழைய படத்தில் பேனாக் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துகிடந்த கழிமுகங்களும் உப்பங்கழிகளும் புதிய படத்தில் வெளிப்பட்டன. புதுச்சேரியின் கரை சற்றுக் குறைந்தும் இருக்கிறது. ஆகையால் அளவுகோல் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், கரை அரிப்பும் உண்டு. ஆனாலும் கூடிய நீளத்தின் பெரும்பங்கு படத்தின் நுணுக்கத்தால் வந்ததே.

அப்படியானால் இப்போது கிடைத்த எண்தான் முடிவானதா? அல்ல. கரையோரமாக ஒருவர் காலால் நடந்து அளந்தால் ஒவ்வொரு பாறையையும் சுற்றிவர வேண்டும், நீளம் இன்னும் கூடும். எறும்பு ஒன்று அளந்தால் ஒவ்வொரு கூழாங்கல்லையும் சுற்றும், நீளம் அதைவிடக் கூடும். கோல் சிறுக்கச் சிறுக்கக் கரை நீண்டுகொண்டே போகிறது.

இதை முதலில் எண்களோடு கண்டறிந்தவரைப் பற்றி நம் சபையார் தெரிந்துகொள்வது நல்லது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் (1881-1953) ஆங்கிலேயர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். முதலாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்சு நாட்டின் போர்முனையில் காயப்பட்டோரை ஏற்றும் வண்டியை ஓட்டினார். பிரிட்டனின் வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் சென்றபோது, 1920 இல் அந்த வேலையையும் விட்டுவிட்டார். தேசங்கள் ஏன் போரிடுகின்றன என்பதே அவரை வாட்டிய கேள்வி. பொது எல்லை நீளமாக இருந்தால் சண்டை மிகுமோ என்று ஆராய எல்லைகளின் நீளத்தைத் தேடினார். ஸ்பெயின் தன் போர்த்துகல் எல்லையை 987 கிலோமீட்டர் என்றது. போர்த்துகலோ அதே எல்லையை 1,214 கிலோமீட்டர் என்றது. ஒரே எல்லைக்கு இரண்டு நீளங்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, கோல்கள்தாம் வேறு. சிறிய நாடு தன் எல்லையைக் கருத்தாய், சிறிய கோலால் அளந்திருப்பதில் எனக்கு வியப்பில்லை.

ரிச்சர்ட்சனின் இந்த ஆய்வு அவர் மரித்த பின், 1961 இல்தான் அச்சேறியது. பெனுவா மாண்டல்பிராட் என்னும் கணிதர் அதை எடுத்துக்கொண்டு, பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்னும் கேள்வியையே தலைப்பாக்கி 1967 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் மடிப்புக்குள் மடிப்பு காட்டும் இவ்வகை வடிவங்களுக்கு 1975 இல் ஃபிராக்டல் என்று பெயரிட்டார்.

ஒரு சிறு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பயப்படவேண்டாம். ஒரு நேர்க்கோட்டை மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள கோலால் அளந்தால் மூன்று துண்டுகள். ஒரு சதுரத்தை அதே அளவில் சிறுத்த சதுரங்களால் நிரப்பினால் ஒன்பது துண்டுகள். கோட்டுக்கு ஒரு பரிமாணம், சதுரத்துக்கு இரண்டு. 1904 இல் ஹெல்கே வான் காக் என்னும் சுவீடன் தேசத்தார் ஒரு வளைவை அமைத்தார். அதை மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்த தன் வடிவத்தாலேயே நிரப்பினால் நான்கு துண்டுகள் வருகின்றன. நான்கு என்பது மூன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையில் நிற்கிறது. ஆகவே அதன் பரிமாணமும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில், ஏறத்தாழ 1.26 ஆக நிற்கிறது. மடிப்புகள் மிகுந்த பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25 என்றும், வழவழப்பான தென்னாப்பிரிக்கக் கரைக்கு 1.02 என்றும் ரிச்சர்ட்சனின் எண்களிலிருந்து கிடைத்தன.

நீளம் கோலைப் பொறுத்தது என்றால் உண்மை என்று ஒன்று இல்லை, அவரவர் அளந்ததே அவரவர் உண்மை என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இக்காலத்தில் நம் வாலிபர் நடுவிலும் இந்தப் பேச்சு செல்லுபடியாகிறது. கணிதம் அப்படிச் சொல்லவில்லை. கோல் சிறுக்கும்போது நீளம் எந்த வேகத்தில் கூடுகிறது என்பது ஒரு விதிக்குக் கட்டுப்பட்டது. 1.25 என்பது யாருடைய விருப்பத்துக்கும் வளையாத எண். தவறு நம் கேள்வியில் இருந்தது. 'எவ்வளவு நீளம்' என்பது பாதிக் கேள்வி. 'எந்தக் கோலால்' என்றும் கேட்டால்தான் அது முழுக் கேள்வி ஆகிறது.

இனி நம் மலைக்கு வருவோம். வள்ளிமதுரை வரட்டாறு அணைக்கு மேலே நின்று நீர் வரும் திசையைப் பாருங்கள். சிறிய படத்தில் வரட்டாறு ஒரே கோடு. பெரிய படத்தில் அதற்கு ஓடைகள் முளைக்கின்றன. சரிவில் ஏறி நடந்தால் ஒவ்வொரு ஓடைக்கும் சிற்றோடைகள், அவற்றுக்கும் மழைநாளில் மட்டும் ஓடும் நீர்த்தடங்கள். 1945 இல் ராபர்ட் ஹார்ட்டன் என்னும் அமெரிக்கர் இந்தக் கிளைப்புக்கு ஒழுங்கு உண்டு என்று காட்டினார். ஒரு நிலை ஓடைகளைவிட அடுத்த சிறிய நிலை ஓடைகள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கும். இத்தனை நீர்த்தடங்கள் மலையை அறுத்திருப்பதால்தான் நம் பாதைகள் நேராக ஓடுவதில்லை. ஒவ்வொரு மடிப்பையும் சுற்றியோ, இறங்கி ஏறியோ போகவேண்டியிருக்கிறது. நம் மலையும் ஒரு கடற்கரைதான், தண்ணீர் வெளியே நில்லாமல் உள்ளே ஓடுகிறது, அவ்வளவே.

இந்த மடிப்புகளில்தான் நம் குக்கிராமங்கள் சிதறிக்கிடக்கின்றன. கலசப்பாடி, அரசநத்தம் முதலிய ஊரார் சாலை கேட்டு எத்தனை ஆண்டுகள் நின்றார்கள் என்பதையும், நோயாளிகளைத் தூளி கட்டிச் சுமந்து இறங்கினார்கள் என்பதையும் நம் மாவட்டத்தார் அறிவர். ஒரு கைப்பேசியின் வரைபடத்தில் இரண்டு புள்ளிகளைத் தொட்டால் அது நேர்க்கோட்டுத் தூரத்தைக் காட்டும். அதுவே மிகப் பெரிய கோல். பள்ளத்தாக்கின்மேல் பறக்கும் காகத்துக்கு அது பொருந்தும். தூளியின் மூங்கிலைத் தோளில் தாங்கியவருக்குப் பொருந்தாது. கடற்கரைக்கு இயற்கையான கோல் என்று ஒன்று கிடையாது. ஆனால் மலைப்பாதைக்கு உண்டு, மனிதனின் காலடி. பாதை யாருக்காக இருக்கிறதோ அவருடைய அடியே அதற்குக் கோல் ஆகவேண்டும் என்பது என் துணிபு.

சட்டம் எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2000 ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்ட வழிகாட்டுதலில், சாலைத் தொடர்பற்ற குடியிருப்பு என்றால் என்ன என்று வரையறுக்கும்போது, சமவெளிக்கு 500 மீட்டர் என்றும் மலைக்கு 1.5 கிலோமீட்டர் 'பாதைத் தூரம்' என்றும் எழுதியிருக்கிறார்கள். தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்னும் கல்வி உரிமை விதியும் 'நடை தூரம்' என்றே சொல்கிறது. சொல் நல்ல சொல். அதை மேசையில் வரைபடத்தின்மேல் கோடு போட்டு நிறைவேற்றினால் சொல் செத்துப்போகும்.

நேர்மாறான சிக்கலும் உண்டு. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராமசபையின் பரிந்துரையோடு, சாலை முதலிய வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை விட்டுக்கொடுக்க வழிசெய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுரமீட்டர். நான்கு மீட்டர் அகலச் சாலைக்கு அது 2,500 மீட்டர் நீளத்துக்குத்தான் போதும். வனத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் என்று நேர்க்கோட்டில் கணக்கிட்டு மனு எழுதும் ஊரார் மகிழ்ச்சியாய் இருப்பர். கொண்டை ஊசி வளைவுகளோடு அதே சாலை மூன்றரைக் கிலோமீட்டர் ஆகும்போது, வரம்பு மீறிவிட்டது என்னும் பதில் வரும். பெரிய கோல் முதலில் நமக்குச் சாதகமாகத் தோன்றி, பிறகு நம்மையே கவிழ்க்கும்.

சில நூறு மீட்டர் வேறுபாட்டுக்கு இத்தனை பேச்சா என்று கேட்பவருக்கு இன்னொரு கணிதரைக் காட்டுவேன். காலப்போக்கில் ஒரு விதிப்படி மாறிவரும் அமைப்புகளை ஆராய்வது ஃபிராக்டலுக்கு அண்டை வீட்டுத் துறை. 1961 இல் அமெரிக்காவில் எட்வர்ட் லாரன்ஸ் வானிலை மாதிரி ஒன்றைக் கணினியில் மறுபடி ஓட்டினார். 0.506127 என்று இருந்ததை 0.506 என்று சுருக்கித் தட்டச்சு செய்தார். சற்று நேரம் பழைய விடையோடு ஒத்துப்போன புதிய விடை, பிறகு முற்றிலும் வேறு வானிலையைக் காட்டியது. 1963 இல் அதைக் கட்டுரையாக்கினார். இந்தத் துறை நமக்கு அந்நியமும் அல்ல. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எம். லட்சுமணனும் கே. முரளியும் லியோன் சுவாவோடு சேர்ந்து 1994 இல் வெளியிட்ட எளிய மின்சுற்று, இத்தகைய தாறுமாறான இயக்கத்தைக் காட்டுவதற்காக உலகெங்கும் அறியப்பட்டது. ஆனால் பட்டாம்பூச்சியின் சிறகடிப்பு என்னும் உவமையைப் பிரசங்கத்தில் எல்லாவற்றுக்கும் இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லா அமைப்பும் சிறு பிழையைப் பெருக்குவதில்லை, பலவற்றில் அது அடங்கிப்போகும். வரம்புக்கோட்டின் அருகில் நிற்கும் ஊருக்கு மட்டும் தள்ளிவிட்ட பின்னமே தீர்ப்பாகிவிடுகிறது. 1.4 கிலோமீட்டர் என்று எழுதப்பட்ட ஊருக்குச் சாலை இல்லை, 1.5 என்றால் உண்டு.

நியாயப்பிரமாணம் ஒரே பையில் பெரியதும் சிறியதுமான நிறைகற்களை வைத்திருப்பதைக் கண்டிக்கிறது. அது வியாபாரிக்கும் அதிகாரிக்கும் மட்டும் சொல்லப்பட்டது என்று நாம் எண்ணக்கூடாது. ஏழு கிலோமீட்டர் பாதையைப் 'பத்து மைல்' என்று மனுவில் எழுதுவதும் இரண்டாம் நிறைகல்தான். அப்படி எழுதப்பட்ட மனுவை ஒருமுறை சோதித்துப் பார்த்த அதிகாரி, அடுத்த மனுவின் உண்மையையும் நம்பமாட்டார். அவரிடம் நாம் கேட்கும் கேள்வியை நாமே முதலில் நம்மிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஆகவே, அருமையானவர்களே, ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. அதற்குமுன் உங்கள் ஊர்ப் பாதையை அளந்துவிடுங்கள். ஆலயத்தில் 30 மீட்டர் அளவுநாடா ஒன்று இருக்கிறது, ஆராதனைக்குப் பின் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதை 50 முறை விரித்தால் 1.5 கிலோமீட்டர். இருவர் பிடிக்க, ஒருவர் எண்ணிக்கையை எழுதட்டும். முப்பது மீட்டருக்குள் திரும்பும் வளைவுகளை முழு நாடா விழுங்கிவிடும். அங்கே ஐந்து ஐந்து மீட்டராகப் பிடியுங்கள். எந்த இடத்தில் எந்த நீளத்தால் அளந்தீர்கள் என்பதையும், எந்த நாளில் யார் யார் நடந்தீர்கள் என்பதையும் மனுவின் அடியிலேயே குறித்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஓடை பெருகிப் பாதை சுற்றிப்போகுமானால், அந்தச் சுற்றுவழியைத் தனியாக அளந்து தனி வரியில் எழுதுங்கள்.