புல்வெளியில் மரம் நடலாமா?

மாணவ நண்பர்களே, ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று படித்திருப்பீர்கள். மயிலாப்பூர் கடலோரம், உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரம். பெருக்கிப் பாருங்கள், பதினான்கு டிகிரிக்கு மேல் வரும். அந்தக் குளிர் மலைகளில்தான் நம் மாநில விலங்கான வரையாடு வாழ்கிறது.

அதற்கு வேண்டியது செங்குத்துப் பாறையும் அதையொட்டிய புல்வெளியும். நீலகிரியின் உச்சிகளில் சரிவெல்லாம் புல், பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. ஏன் இப்படி? மேகமில்லாத மார்கழி இரவில் தரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழந்துவிடுகிறது. விடியும்போது புல்லின்மேல் உறைபனி. வெட்டவெளியில் முளைத்த சோலைக்கன்று அதில் கருகும்; பெரிய மரங்களின் கீழ் முளைத்தது பிழைக்கும். மண், தீ, மேய்ச்சல் ஆகியவற்றுக்கும் பங்குண்டு என்பார்கள். அதை உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் கேளுங்கள், நான் இயற்பியல்காரன்.

ஆங்கிலேயர் கண்ணுக்கு இப்புல்வெளி தரிசாகப் பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் தைல மரமும் வந்து சேர்ந்தன. சுதந்திரத்துக்குப் பின் நாமும் நிறுத்தவில்லை. தோல் பதனிடவும் செயற்கைப் பட்டு நூலுக்கும் மேலும் நட்டோம். சீகை இன்று தானாகவே பரவுகிறது. அது பரவிய இடத்தில் வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லை.

ஆகவே, வெற்றிடம் கண்டால் மரம் நடு என்னும் பள்ளிவிழா முழக்கத்தை நான் அப்படியே ஏற்க மாட்டேன். தியாகராய நகர்த் தெருக்களில் நடுங்கள், மிக நன்று. முக்குறுத்திப் புல்வெளியிலோ அயல் மரத்தை அகற்றுவதுதான் பாதுகாப்பு. அந்த மலைநீர் பவானி, காவிரி, வீராணம் வழியாக நம் குழாய்க்கும் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

தமிழக அரசு 2022இல் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது நல்ல காரியம். 1975இல் இவ்விலங்கை ஆராய்ந்த ஈ.ஆர்.சி. டேவிதார் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினமாயிற்று. கணக்கெடுப்பில் 2024இல் 1,031, 2025இல் 1,303. ஓராண்டில் 272 கூடிவிட்டன என்று துள்ளாதீர்கள்! இரண்டாம் முறை தேடிய இடங்களும் அதிகம்.

தலையெண்ணிக்கை மட்டும் போதுமா? இரவுகள் வெப்பமாகி உறைபனி குறைந்தால் புல்வெளி என்னவாகும்? புல்வெளியில் ஒன்றும் சோலைக்குள் ஒன்றுமாக வெப்பமானிகள் பல ஆண்டுகள் நின்றால்தான் விடை கிடைக்கும். இந்த வேலைக்கு இயற்பியல் மாணவர்களும் தேவை. பயிற்சியை உங்கள் மொட்டைமாடியிலேயே தொடங்கலாம்: திறந்த வானத்தின்கீழ் ஒரு வெப்பமானி, கூரையின்கீழ் ஒன்று. விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டையும் பார்த்துக் குறித்து வையுங்கள்.