யார் தூர்வார வேண்டும்?

மீஞ்சூரில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்திய காலத்தில், "உங்க ஊர் எப்படி இருந்தா நல்லா இருக்கும்? 'குட்', 'ஷுட்', 'மஸ்ட்' போட்டு எழுதுங்க" என்பேன். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர் குப்பத்துப் பையன் ஒருவன் ஒரே வரி எழுதினான்: முகத்துவாரம் தூர்வாரப்பட வேண்டும். 'ஷுட் பி' சரியாகப் போட்டிருந்தான். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

இன்றாக இருந்தால், "யார் தூர்வாரணும்?" என்றும் கேட்டிருப்பேன். முகத்துவாரத்தை மணல் மூடினால் படகு கடலுக்குப் போகாது. மீன்குஞ்சும் இறால்குஞ்சும் ஏரிக்குள் வராது. அவ்வளவு பெரிய விஷயத்தை ஆள் பெயர் இல்லாமல் கேட்டால், 'பரிசீலிக்கப்படும்' என்று ஆள் பெயர் இல்லாமலேயே பதிலும் வரும்.

ஆளைச் சொன்னாலும் வினைச்சொல் தளர்ந்தால் போச்சு. 1950இல் நமது அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுக்குள் தர அரசு 'முயல வேண்டும்' என்றது. அதையே அடிப்படை உரிமையாக்கி, 6 முதல் 14 வயது வரை அரசு 'தர வேண்டும்' என்று எழுத 2002இல் 86ஆவது திருத்தம் வர வேண்டியிருந்தது. 'முயல' என்ற ஒரு சொல் உதிர 52 ஆண்டுகள்!

ஏரியில் பாடு முறையில் வலை போடுகிறவர்களுக்கு இந்த இலக்கணம் தெரியும். எந்த இடத்தில், எந்த நாளில், யார் முறை என்பது அங்கே முன்கூட்டியே முடிவாகிவிடும்.

ஆசிரிய நண்பர்களே, 'ஷுட்' சொல்லிக்கொடுங்கள். கூடவே யார், எப்போது என்றும் எழுதச் சொல்லுங்கள்.